நான் கழுவிப் பொட்டு வைத்த அலுமினியப் பெட்டி

இன்று ஆயுத பூஜை. கடைத் தராசின் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஈரப் புளியும் உலோகமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

"இன்னாங்க, தட்டுக்குள்ள யாராவது கூப்புடுறாங்களா?" என்றாள் என் மனைவி.

கூப்பிட்டது நீதான்டா என்று அவளிடம் சொல்லவில்லை. உரக்கடைக்காரன் செத்தவனோடு பேசுகிறான் என்ற செய்தி பாகூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அந்த மாதிரிச் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனே நான்தான்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டு நீ ஊர் திரும்பியபோது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், மற்ற நாளெல்லாம் லேப்டாப் என்று இருந்தாய். ஏரிக்கரையைவிட உயரமான மேடு இல்லாத ஊரில் உட்கார்ந்து, எங்கோ கடல் நடுவே ஒரு தீவில் எரிமலை கக்கிய பாறை வெளியை அளந்தாய்.

"மலையே இல்லாத ஊர்ல குந்திக்கினு எரிமலைய அளக்குறியேடா, டாக்டர் உன் வியாதிய சரியாத்தான் பாத்தாரா?"

"கெட்டுப்போனது கிட்னிதாண்டா. உனக்குக் கெட்டுப்போனத எந்த மிஷினும் சுத்தம் பண்ணாது."

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அங்கே வழிந்த தீக்குழம்பு அது. மேலே இறுகி, பாசி படிந்து, ஆள் நடக்கலாம் என்றாகிவிட்டது. உள்ளே இன்னும் ஆறவில்லை, ஆற ஆறத் தரை இறங்குகிறது என்றாய். "பால்ல ஆடை கட்டிட்டா ஆறிப்போச்சுன்னு வாயில ஊத்திக்குவியா?" அந்த நிலத்தில் மறுபடி வீடு கட்டலாமா என்று கேட்டுக்கொண்டு அந்தத் தீவில் சனங்கள் காத்திருந்தார்கள். வானத்தில் போகும் செயற்கைக்கோள் ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து, வருஷத்துக்கு ஒரு நகக்கனம் இறங்கினாலும் சொல்லிவிடுமாம்.

அதை நம்பலாமா என்று சோதிக்கத்தான் உன் கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், ரேடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும் அந்தப் பெட்டி வந்தது. மூன்று அலுமினியத் தகடுகளை மூலை சேர்த்துப் பற்றவைத்து, ஆழமாகக் கான்கிரீட் போட்டு, போல்ட் முடுக்கி நிறுத்தினாய். அசையாத அந்தப் பெட்டியை அசையவில்லை என்று செயற்கைக்கோள் சொன்னால், தீவைப் பற்றி அது சொல்வதையும் நம்பலாம். ஊரில் அதற்குள் பத்துக் கதை. அதில் ஏழு நான் கட்டியது. காவலுக்கும் என்னையே வைத்தாய். "ஒரு மயிரளவு கூட நகரக் கூடாதுடா."

போன ஆயுத பூஜைக்கு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். நான் உன் மோட்டாருக்கும் கொட்டகைக்கும் பொட்டு வைக்கப் போனேன். பெட்டி முழுக்கக் காக்கை எச்சம். பாடுபடும் கருவியாயிற்றே, அதை மட்டும் அழுக்காக விட மனசு வரவில்லை. போல்ட்டைக் கழற்றினேன். புளி போட்டுத் தேய்த்தேன். சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. எலுமிச்சம்பழம் நசுக்கி, திரும்ப வைத்து, முன்னைவிட இறுக்கமாக முடுக்கினேன். மறுநாள் மழை வந்து பொட்டையும் பூவையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

மார்கழியில் ஒரு நாள் காலையில் கூப்பிட்டாய். திரையில் பெட்டியின் உயரத்தைக் காட்டும் கோடு நேராகப் போய், ஓரிடத்தில் படி இறங்கி, மறுபடி நேராகப் போனது. உன் கால் வீங்கி, மிதியடிக்குள் நுழையாமல் இருந்தது.

"பெட்டிய யாராச்சும் தொட்டீங்களாடா?"

ஊரையே கேலி பண்ணிப் பத்திரிகையில் துணுக்கு எழுதுபவன் நான். ஒரே ஒரு தடவை கேலிக்கு ஆளாகப் பயந்தேன். "இல்லடா. தினம் பாக்குறேன். காக்கா கூட உக்காரல."

காக்கா கூட! பொய்யில்கூட எனக்கு ஒரு நையாண்டி தேவைப்பட்டது.

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாய். "அப்ப தப்பு என் கணக்குலதான்" என்று லேப்டாப் பக்கம் திரும்பினாய். அதற்குப் பிறகு மூன்று மாசம், ஊசி போட்ட கையோடு, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டாய். தப்பு கிடைக்கவில்லை. ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்த உன் கட்டுரையைப் பங்குனியில் நீயே திரும்ப வாங்கிக்கொண்டாய். "நம்ப முடியாததை அந்த சனங்க கிட்ட குடுக்கக் கூடாதுடா" என்றாய். பத்து நாளில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான்.

ஆவணியில், உன்னோடு வேலை செய்த ஒரு பெண் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். போல்ட்டில் ஸ்பேனரை வைத்தவள், "இதை முன்னாடியே யாரோ கழட்டியிருக்காங்களே, சார்?" என்றாள். அப்போதுதான் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"இவ்ளோதானா சார்? தொட்டாங்கன்னு தெரிஞ்சா போதுமே. அந்த ஒரு படியைக் கழிச்சுட்டா முடிஞ்சுது. ஒரு சாயங்கால வேலை." போல்ட்டைப் பார்த்தபடி, "எங்க சார் உங்ககிட்ட கேக்கலையா?" என்றாள்.

"கேட்டான்."

அவள் குனிந்து போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். வாயை மூடிக்கொண்டு நான் நின்றதை நீ பார்த்ததே இல்லை.

போன வாரம் போன் பண்ணினாள். கோடு கடைசிவரை நேராக வந்துவிட்டதாம். தீவைப் பற்றி நீ போட்ட கணக்கில் ஒரு இடத்திலும் பிசகு இல்லையாம். கட்டுரை உன் பெயரிலேயே வரப்போகிறது. எங்கே எவ்வளவு தரை இறங்குகிறது என்று அந்தத் தீவுக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. நேற்று உன் வீட்டுக்குப் போய், நான் செய்ததையும் சேர்த்து உன் மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனவள் திரும்ப வெளியே வரவில்லை.

என்னை நம்பி உன்னைச் சந்தேகப்பட்டவன் நீ. உன் கணக்கு சரி என்று இன்று எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போனது உனக்கு மட்டும்தான்.