அத்தை கொண்டுவந்த கோழிக்குழம்பு

ஐப்பசி, ஞாயிறு இரவு.

அப்பாவைப் பார்க்க அத்தை காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு தூக்குவாளி நிறைய நாட்டுக்கோழிக் குழம்பு. அண்ணனைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதாம்.

அப்பாவுக்கு ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. உப்பு சேர்ந்தால் நீர் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முட்டை, பருப்பு எல்லாம் உப்பில்லாமல்தான் கொடுக்கிறேன்.

அத்தை மூடியைத் திறந்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்தார். நான் வாளியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"உப்பில்லாத சோத்தை எழவு ஊட்லதான் படைப்பாங்க, கண்ணு. உசுரோட இருக்கறவனுக்கா போடுவ?" என்று அத்தை அழுதார்.

"எழவு உழுகக்கூடாதுன்னுதானுங்க போடறேன்!" என்று கத்தினேன்.

அத்தை மேல் தப்பில்லை. சோளக்காடு சந்தையில் அப்பாவின் மிளகுக்கு விலையைக் குறைத்துவிட்டு, சாராயம் ஊற்றி அப்பாவைச் சமாதானப்படுத்திய வியாபாரிகள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்துக் கத்த வேண்டிய கத்தல் அது.

அத்தை போனதும் அடுப்படியில் நின்று குழம்பை நானே தின்றேன். கொட்ட மனம் வரவில்லை. கையைக் கழுவிவிட்டு, மாத்திரையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் மாத்திரையை வாங்காமல் என் வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"உங்கம்மா இருந்தப்ப வெச்ச மாதிரியே இருந்துச்சா, சாமி?"

"ஆமாங்கப்பா."

கண்ணை மூடிக்கொண்டார். கையை விடவில்லை. மாத்திரையை இடது கையால்தான் கொடுத்தேன்.