மென்று கொடுத்த தேன்குழல்

காரைக்குடி
9-11-1968

அன்பு மகன் குழந்தைவேலுக்கு அப்பா எழுதுவது. பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். தாத்தாவை நலம் என்று எழுதக் கை வரவில்லை. நோய் ஒன்றுமில்லை. அவர்தான் அவராக இல்லை.

பிறர் வாய் வைத்த செம்பைப் புளி போட்டு விளக்கிக் கொடுத்தாலும் தொடாத மனிதர். இப்போது என் தட்டில் கையை விட்டு அள்ளுகிறார். வாயில் போட்டுக் குதப்பி, எச்சில் ஒழுக எடுத்து என் உதட்டருகே நீட்டுகிறார். தின்னுடா, பல்லில்லாத பய, என்கிறார். எனக்கு ஐம்பது வயது. குமட்டுகிறது. உன் அம்மா அடுப்படியில் எனக்குத் தனியாக இலை போடுகிறாள். திருடனைப் போலத் தின்றுவிட்டு வருகிறேன். பெற்ற அப்பாவின் வாயைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உனக்குச் சம்பந்தம் பேசப் பெண் வீட்டார் வரும் நாளில் அவரை ஒக்கூரில் அத்தை வீட்டில் விட்டுவைக்கும்படி எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்தபோது உன்மேல் அருவருப்பு வந்தது. இருந்தும் போய்க் கேட்டேன். உன் அத்தை முத்தழகு, அவர் பெற்ற மகள், தொழுவத்துல கட்டில் போட்டுத் தாரேன் தம்பி, வீட்டுக்குள்ள வேணாம், பிள்ளைக மூஞ்சியச் சுளிக்குதுக, என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் என்மேலும் அதே அருவருப்பு.

ஞாயிற்றுக்கிழமை நாட்டரசன்கோட்டையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். தேன்குழலும் காப்பியும் வைத்தோம். உள்ளறையில் உட்கார வைத்திருந்த தாத்தா எழுந்து வந்தார். ஒரு தேன்குழலை எடுத்து மென்றார். எல்லோரும் பார்த்திருக்க என் வாயருகே நீட்டினார். மாமாவ அங்குட்டுக் கூட்டிட்டுப் போயிருங்க, என்று உன் அம்மா கிசுகிசுத்தாள். பெண்ணின் மாமன், என்ன சம்பந்தி, இன்னும் பல்லு முளைக்காமயா இருக்கீக, என்றார். சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை. நீட்டியபடியே நின்றார். பசித்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை. என் அம்மா இறந்தபோது நான் பால் மறக்கவில்லை. கஞ்சி இறங்காமல் கிடந்தேனாம். சோற்றை மென்று மென்று இவர்தான் ஊட்டினாராம். வாயைத் திறந்தேன். வெதுவெதுப்பான கூழ். புகையிலை வாடை. விழுங்கினேன். அப்போதும் குமட்டியது. அன்பு வந்து அதைத் துடைத்துவிட்டது என்று எழுதினால் பொய். அடுத்த வேளையும் குமட்டியது.

நேற்று அவர்கள் ஆள் அனுப்பியிருந்தார்கள். பெண் வந்து இறங்குமுன் பெரியவரை வேறெங்காவது வைத்துவிட்டால் சம்மதமாம். முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டேன். போட்டோவைப் பார்த்து உனக்குப் பிடித்திருந்தது தெரியும். கோபப்படு. உனக்கு உரிமை உண்டு. உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. நீ சரி என்று எழுதிவிடுவாய் என்று பயம்.

வெந்நீரில் குளி. இரவு வேலைக்குப் போகும்போது கம்பளியை மறக்காதே. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. பொங்கலுக்கு வருவாய் அல்லவா. உன் வாயருகிலும் நீட்டுவார். திறப்பதா மூடுவதா என்று ரயிலிலேயே தீர்மானித்துக்கொண்டு வா.

உன் அப்பா
அழகுசுந்தரம்