பெட்டிக்குத் திரும்பாத பொத்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே குளிருக்கு ஈடுகொடுத்து நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாத்திரையை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுகிறாள். குழாய் ஒழுகுவதை நானே சரிசெய்கிறேன் என்று கழற்றிப் போட்டு, கடைசியில் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதாயிற்று, அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் வீடியோவில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால்தான். தம்பியுடைய சீருடைப் பொத்தான் தொலைந்துபோகவில்லை. நான்தான் எடுத்தேன்.

அவன் போன மறு வருடம், அவனோடு அதே ராணுவ முகாமில் உயிர்விட்ட ஐந்து பேர் வீட்டிலும் கேட்டு ஆளுக்கொரு பொருள் வாங்கி, தம்பியுடைய அந்தப் பொத்தானையும் சேர்த்துக்கொண்டாய். ஒவ்வொன்றிலும் எண் போட்ட தகடு ஒன்றைக் கோத்து, ஆட்கள் ஊர் ஊராக ஒளித்துவைத்துப் போனில் வழி பார்த்துத் தேடி விளையாடுகிறார்களே, அந்தப் பெட்டிகளில் விட்டாய். எடுக்கிறவர்கள் அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும், நம் பிள்ளைகள் ஆறு பேரும் பார்க்காத ஊரையெல்லாம் பார்க்கட்டும் என்றாய். செத்தவனை வைத்து விளையாட்டா என்று அன்றைக்கு உன்னிடம் கத்தினேன். அப்புறம், எடுத்தவர்கள் எழுதிவைக்கிற அந்த இணையப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் தினமும் திறந்து பார்த்ததும் நான்தான். முன்பின் தெரியாத ஒரு பெண், இன்னைக்கு உங்க வீரரைக் கடல்ல கால் நனைக்க வச்சேன் என்று எழுதியிருந்தாளே, அதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் தம்பியின் பொத்தான் நம் ஊர் பம்பு ஹவுஸ் பெட்டிக்கே வந்துவிட்டது. மாதாமாதம் மீட்டர் ரீடிங் எடுக்கப் போகிற இடம், அந்தச் சுவரில் எந்தச் செங்கல் ஆடும், எதன் பின்னால் பெட்டி இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா. பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. கையில் எடுத்ததும் வைக்க மனசு வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு மீட்டரைப் பார்க்கப் போய்விட்டேன், அந்த ரீடிங்கைக்கூடத் தப்பாகக் குறித்தேன். அடுத்து வந்தவர் பெட்டியில் பொத்தான் இல்லை என்று எழுத, நீ வீடியோவில் தேம்பினாய். விடும்மா, எங்கயாவது விழுந்திருக்கும் என்று ஆறுதல் சொன்னேன். சொல்லும்போது அது என் பையில் இருந்தது.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. தையல்கார அம்மா, அவருடைய பையனும் அந்த ஐவரில் ஒருத்தன், அவனுடைய விசில் இன்னும் எங்கேயோ ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. செய்தி தெரிந்து வந்தவர், என் பையன் பொருள் தொலைஞ்சா நீங்க சும்மா இருப்பீங்களாண்ணே என்று என்னையும் இழுத்துக்கொண்டு பம்பு ஹவுசுக்குப் போனார். மூன்று மணி நேரம் மண்டிபோட்டுச் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். நானும் பக்கத்தில் குனிந்து தேடுவதுபோல நடித்தேன். கடைசியில் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மன்னிச்சுக்குங்கண்ணே என்றார், என்னிடம் போய். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை பாப்பா, பரவாயில்லம்மா என்று அவரையே தேற்றி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, எனக்குத் தெரியுங்க என்றாள். சட்டையைத் துவைக்கிறவள், முதல் நாளே பார்த்துவிட்டாளாம். நான் குளிக்கப் போகும்போதெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, கேட்டா கொண்டுபோய் வச்சிருவீங்களே என்றாள். மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு அவளே, கொண்டுபோய் வச்சிருங்க, அவனுக்கு லீவு முடிஞ்சிருச்சு என்றாள். இன்று காலை இரண்டு பேருமாகப் போய் வைத்துவிட்டு வந்தோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் யாராவது பொத்தானை எடுத்துப் போயிருப்பார்கள், கிடைத்துவிட்டது என்று நீயும் சந்தோஷப்பட்டிருப்பாய். அந்தச் சந்தோஷத்தில் என் திருட்டு மறைந்துபோகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கோபம் இருந்தால் தாராளமாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

குட்டிப்பயலை வெறுங்காலோடு தரையில் விடாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பொத்தானை வைப்பதற்கு முன்னால் நேற்று தையல்கார அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். காறித் துப்புவார் என்று நினைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு, கையில வச்சிருக்கும்போது எப்படி இருந்துச்சுண்ணே என்று மட்டும் கேட்டார். அவர் பையனுடைய அந்த விசில் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று பார் பாப்பா. வைத்திருப்பவர்களிடம் சொல்லி, அதை இந்தப் பக்கமாக அனுப்பி வை.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அப்பா