பலூன் ஏறவில்லை

சின்ன காஞ்சிபுரம்,
13.8.2005, சனிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

தேவிப்ரியா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். காய்ச்சல், இருமல் என்று யாருக்கும் எதுவும் இல்லை. அந்த அளவுக்குச் சுகம்தான். ஷார்ஜாவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றீர்களே, வெளி வேலைக்குப் போகும்போது தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நேற்று ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றினோம்.

கம்ப்யூட்டர் விஷயம் இன்னும் முடியவில்லை. அடித்துப் பார்க்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய மெயிலை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து, அந்தக் கறுப்புத் திரையில் எழுத்துக்கு எழுத்து பார்த்து அடித்தேன். முதல் மூன்று வரிகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது வரிக்கு, அப்படி ஒன்று இங்கே இல்லை என்கிற மாதிரி இங்கிலீஷில் வந்தது. இடம் விட்டு அடித்தேன், விடாமல் அடித்தேன், பெரிய எழுத்தில் அடித்தேன். எல்லாவற்றுக்கும் அதே பதில். வந்ததை அப்படியே வேறொரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். புள்ளி, கோடு எதையும் விடவில்லை.

இடி விழுந்து பழைய சவுண்ட் கார்டு போனதிலிருந்துதான் இந்த வம்பு. கம்ப்யூட்டர் கடை வேலாயுதம் அண்ணன் போட்டுக் கொடுத்த புதுக் கார்டில் பாட்டெல்லாம் நன்றாகக் கேட்கிறது. பதிவு செய்கிற இடத்தைத் திறந்து மைக்கில் பேசினால் குரல் பதிவாகிறது, ஸ்பீக்கரில் திரும்பக் கேட்கிறது. அதைக் கேட்க நமக்குத்தான் காது இருக்கிறது. நம் குழந்தை தர்ஷினிக்கு வேண்டியது பலூன். அந்தப் பேச்சுப் பயிற்சி சி.டி. மட்டும் மைக்கைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. படம் வருகிறது, மலை வருகிறது, குரல் கேட்டால் மலைமேல் ஏற வேண்டிய சிவப்புப் பலூன் கீழேயே நிற்கிறது. எவ்வளவு கத்தினாலும் ஏறவில்லை.

வேலாயுதம் அண்ணனை வீட்டுக்கே கூட்டி வந்தேன். வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார். "இன்னாமா இது, விண்டோஸ் சி.டி.ய லினக்ஸ்ல ஓட்டிக்கினு இருந்தாரா உன் வூட்டுக்காரரு? நான் லினக்ஸப் பார்த்ததே ரெண்டு வாட்டிதாம்மா. எதையாவது தொட்டு இருக்கிறதும் பூட்டுச்சுன்னா அவருக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார். சி.டி.யை எடுத்துப் போய்த் தன் கடையில் விண்டோஸ் எக்ஸ்பியில் போட்டுப் பார்த்தார். திறந்தது, ஒரு மின்னு மின்னி மூடிக்கொண்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய விண்டோஸ் போடலாமா என்று கேட்டேன். புதுக் கார்டை அது ஏற்காது, ஓடும் என்று சொல்லி ஏமாற்ற எனக்கு மனசு வராது என்றார். நல்ல மனுஷர். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சி.டி. போட்ட கம்பெனிக்கும் பேசினேன். அந்தச் சி.டி.யை நிறுத்தி நாளாகிவிட்டதாம். எதில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டாள் அந்தப் பெண். லினக்ஸ் என்றேன். சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஓட்டச் சொல்லி நாங்கள் யாரிடமும் சொல்லவில்லையே மேடம் என்றாள். அது வாஸ்தவம்தானே. அங்கே இங்கே தேடிப் படித்து, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைக்கூட மறந்து ஓட வைத்தது நீங்கள்தான். அது உங்கள் கைக்கு மட்டும்தான் கட்டுப்படுகிறது.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படியுங்கள்.

பலூன் ஏறாத முதல் நாள், வழக்கம்போல் பக்கத்து வீட்டில் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில்தான் உட்கார்ந்தோம். வீடு நிசப்தமாக இருந்தது. குழந்தை 'ஆ' என்றாள். பலூனைப் பார்த்தாள். இன்னும் பலமாக 'ஆ' என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். மெஷின்தான் கெட்டுவிட்டது என்று கையைக் காட்டினேன். புரியவில்லை. பிறகு தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். தன் குரல் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள் மாமா. அவள் குரல் இருக்கிறது என்று அவளுக்குக் காட்டியது அந்தப் பலூன் ஒன்றுதானே.

அவளுக்குப் புரிய வைக்க வேண்டுமே என்று மைக்கை வாங்கி நானே கத்தினேன். பார், அம்மா கத்தினாலும் ஏறவில்லை, தப்பு உன்மேல் இல்லை என்று காட்டத்தான் கத்தினேன். அது வேறு விதமாகப் போய் முடிந்தது. என் மடியில் ஏறி என் தொண்டையைத் தடவினாள். ஓடிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து என் வாயருகில் பிடித்தாள். எனக்கும் குரல் போய்விட்டது என்று நினைத்து அழுதாள். அவள் அழுகையில் கூடச் சத்தம் வரவில்லை.

அதிலிருந்து வாயைத் திறப்பதில்லை. கையால்தான் கேட்கிறாள். நிஜப் பலூன் வாங்கி, நூலில் கட்டி, அவள் வாயசைத்தால் மேலே இழுத்துப் பார்த்தேன். ஒரு தடவை சிரித்தாள். அடுத்த தடவை பலூனைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். நூலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சென்னைக்கு அழைத்துப் போய், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மங்கையர்க்கரசி டீச்சரிடம் காட்டினேன். இந்த வயதில் விட்டால் மறுபடி பிடிப்பது கஷ்டம், எப்படியாவது சத்தம் போட வையுங்கள் என்றார். எப்படி என்று கேட்டேன். அவரும் கண்ணாடி, மேளம், மெழுகுவத்தி என்று எல்லாம் செய்து பார்த்தார். தர்ஷினி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போது காது மெஷினைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மாட்டிவிட்டேன். மறுபடி கழற்றிக் கொடுத்தாள். வாலாஜாபாத் வருவதற்குள் எனக்குத் தெம்பு போய்விட்டது. பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நேற்று போனில் அவளை 'ப்பா' சொல்லச் சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பிறகு லைன் சரியில்லை, ஒன்றுமே கேட்கவில்லை என்று வைத்துவிட்டீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது மாமா. அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

உங்களை வருத்தப்பட வைக்க எழுதவில்லை. அங்கிருந்து நீங்கள் மட்டும் என்ன செய்வீர்கள்? ஒப்பந்தம் முடியும் முன் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். லீவு கேட்டு மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்று அத்தை எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

மெயிலில் வேறு வழி இருந்தால் அனுப்புங்கள், அடித்துப் பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வரதராஜப் பெருமாள் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நாங்கள் பார்க்கிற மாதிரி கொண்டு வந்து சேர்க்கட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமையும் கூப்பிடுங்கள். அவளைப் பேசச் சொல்லிக் கேட்காதீர்கள், நீங்கள் பேசுங்கள். காது மெஷினை எப்படியாவது மாட்டி ரிசீவரைப் பக்கத்தில் பிடிக்கிறேன். இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் ஒன்றும் கேட்காவிட்டாலும், முதலில் நீங்கள் வைத்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
தேவிப்ரியா