வங்காளப் பாட்டு ஞாயிறு மட்டும்

ஏப்ரல் 7
மும்பைத் தலைமை அலுவலகம் எங்கள் கல்கத்தா எஃப்.எம்.முக்குப் புது நிகழ்ச்சித் தலைவரை அனுப்பியிருக்கிறது. தினேஷ்குமார், சேலம். என் பெயரைக் கேட்டதும் எல்லார் முன்னாலும், "ஹம்சினியா? தமிழா நீங்க?" என்றார். இந்த ஆபீஸில் என்னிடம் யாரும் தமிழ் பேசியதில்லை. பக்கத்தில் சஹானா சிரித்தாள். வங்காளி, தமிழ் தெரியாது. மாலை வங்காளப் பாட்டு நிகழ்ச்சியை நாங்கள் இருவரும்தான் நடத்துகிறோம்.

லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சேலமா? அப்போ நல்ல மனுஷர்தான்" என்றாள். ஆதாரம் தெரியவில்லை.

ஏப்ரல் 20
மீட்டிங். ஜூன் முதல் புது ஹிந்திப் பாட்டு. வங்காளம் ஞாயிறு காலை மட்டும். நேயர் ஆராய்ச்சி சொல்கிறதாம். போன ஆராய்ச்சி பழைய பாட்டு என்றது. அதற்கு முந்தையது பேச்சைக் குறை என்றது. எல்லாவற்றுக்கும் கை தட்டியிருக்கிறோம். இன்றும் தட்டினோம்.

ஏப்ரல் 28
தினேஷ்குமார் எங்கள் இடத்துக்கு வந்தார். சஹானா ஜால்முரி, அதான் காரப்பொரி, பொட்டலத்தை நீட்டினாள். ஒரு பிடி எடுத்துக்கொண்டு என்னிடம் தமிழில், "ஈவ்னிங் ஷோவுக்கு ஒருத்தர் போதும். நீங்க இருங்க. இவங்களை அடுத்த மாசத்தோட அனுப்பிடலாம். இப்போதைக்குச் சொல்லிக்க வேணாம்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்னவாம்?" என்று சஹானா பெங்காலியில் கேட்டாள்.

"ஏசி ஜாஸ்தியா இருக்காம்" என்றேன்.

எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தாள். அவர் தேங்க்ஸ் சொன்னார்.

ஏப்ரல் 29
ஏசி என்று ஏன் சொன்னேன்?

மே 4
வேறொரு ஸ்டேஷன் காலை நிகழ்ச்சிக்குச் சஹானாவைக் கூப்பிட்டிருக்கிறது. நாளைக்கு மாட்டேன் என்று சொல்லிவிடப் போகிறாளாம். "உன்னை விட்டுட்டு அங்கே யாரோட சண்டை போடறது?"

வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நாளைக்கு அவ மாட்டேன்னு சொல்லிட்டா? ரெண்டு வேலையும் இல்லாமப் போயிடுமே — காலையில முதல்ல சொல்லிடணும். என் வேலை போனா போறது.

மே 5
டீக்கடையில் சஹானாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை.

"அப்போ ஏசி?"

"பொய்."

"நான் எழுந்து போய்க் குறைச்சேனே."

மண்குவளையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்த ஸ்டேஷனுக்குச் சரி சொல்லிவிட்டாளாம். ஆபீஸில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

மே 12
சஹானா ராஜினாமா. தினேஷ்குமார் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா."

"உங்களை நம்பித்தானே தமிழ்ல சொன்னேன்?"

"அவளைப் பத்தி அவ முன்னாடியே சொன்னீங்க, சார்."

நான் அறையை விட்டு வெளியே வருவதற்குள் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார்.

ஜூன் 1
தனியாக, ஹிந்தியில். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு மூச்சுப் பேச்சு. என் ஹிந்திக்கு அதுவே ஜாஸ்தி.

ஜூலை 9
சஹானா இன்றும் போன் எடுக்கவில்லை. தினமும் காலையில் அவள் நிகழ்ச்சியைக் கேட்கிறேன். நன்றாகத்தான் செய்கிறாள். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 3
புது ஆராய்ச்சி. துர்கா பூஜை நெருங்கினால் கல்கத்தாக்காரர்கள் வங்காளப் பாட்டு கேட்க விரும்புகிறார்களாம். சஹானா திரும்பி வருவாளா, கேளுங்கள் என்றார் தினேஷ்குமார், இங்கிலீஷில். ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தாள். அவர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"வரமாட்டேன்னு சொல்லு."

"சொல்லிடறேன்."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"உன் ஷோ தினமும் கேக்கறேன்" என்றாள். "அந்த ஹிந்தி! போலீஸ்ல சொல்லணும்."

தினேஷ்குமார் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கையைக் காட்டினேன்.