மேல் பாதி காலியாக இருந்த தாள்

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுபத்தொரு வயதில் எழுத்துக் கற்று, இன்று யாரையும் கேட்காமல் பலகையைப் படித்து வெண்ணந்தூர் பஸ் ஏறினேன். சோப்பு உறை, சுவரொட்டி, மின்கம்பத்து எண், எதையும் உரக்கப் படிக்காமல் விடுவதில்லை. "ஊட்டுக்குள்ள வந்தாச்சும் வாயை மூடுங்க" என்கிறாள் மனைவி பழனியம்மாள். மூட மாட்டேன்.

செப்டம்பர் 23

ஊராட்சி அலுவலகச் சுவரில், கொசு மருந்து அறிவிப்புக்கு அடியில் ஒரு தாள். அரை மணி நேரம் நின்று படித்தேன். அரசுப் பூங்காவின் தென்பகுதி நாலரை ஏக்கரை ஒரு விடுதிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, வேறிடத்தில் நிலம் வாங்கிக்கொள்கிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதித் தர வேண்டுமாம்.

தென்பகுதியில்தான் குட்டை இருக்கிறது. அது நிறைந்தால்தான் எங்கள் தெருக் கிணறுகளில் தண்ணீர் ஊறும். இது ஏன் யாருக்கும் தெரியவில்லை?

டீக்கடையில் சொன்னேன். தறிக்காரன் சின்னண்ணன் சிரித்தான். "படிக்கப் போனதுல இருந்து மாமனுக்குச் சோத்துலயும் வில்லங்கம் தெரியுதுங்க."

எழுதிக் கொடுப்பானேன்? கிராம சபையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால் போகிறது.

அக்டோபர் 2

கிராம சபை. வந்தது பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் கிழவர்கள். ஊராட்சிச் செயலர் கைலாசம் வாசலிலேயே நோட்டை நீட்டினார். வந்ததற்கு அடையாளம், எப்போதும் அப்படித்தான். மைப்பெட்டியைத் திறந்தார்.

"மை வேண்டாங்க. பேனா குடுங்க."

செங்கோடன். என் பெயரை எழுதி முடிக்க நான்கு நிமிடம். பின்னால் ஒரு கிழவி, "சாமி, பத்திரமா எழுதறீங்க? வெயில் ஏறுதுங்க!" என்றாள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். தாளின் மேல் பாதி காலியாக இருந்தது.

பூங்காவைப் பற்றிக் கேட்டேன். "அது இன்னிக்கு இல்லீங்க. தனியா கூட்டம் போட்டுக் கேப்போம்" என்றார் கைலாசம். சரியென்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 3

என் பெயரைப் பதினோரு தடவை எழுதினேன்.

அக்டோபர் 27

குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி! தாலுகா அலுவலகம் போனேன். அதிகாரி ஒரு நகலை நகர்த்தினார். "உங்க கிராம சபையே ஒத்துக்கிட்டிருக்குதுங்களே."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நில மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என ஒருமனதாக...' கீழே பதினாறு ரேகைகள். ஒரே கையெழுத்து, என்னுடையது. மேல் பாதியை அப்புறம் நிரப்பியிருக்கிறார்கள்.

"ரேகை வெச்சவங்க தெரியாம வெச்சோம்னு சொல்லலாம். நீங்க படிச்சவருங்க."

படிச்சவர். இந்தச் சொல்லை இங்கயா வந்து கேக்கோணும்?

அக்டோபர் 29

சின்னண்ணன் வீட்டுக்கே வந்தான். சிரிக்கவில்லை. "மாமா, எனக்குப் படிக்கத் தெரியாது, பாத்து வரைஞ்சேன்னு மனு குடுத்துருங்க. தீர்மானம் நிக்காது."

"படிக்கத் தெரியும்டா. அந்தத் தாள்ல படிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதைத்தான் எழுதுவேன்."

"அப்படி எழுதுனா எடுபடாதுங்க, மாமா."

தெரியும்.

நவம்பர் 3

மனு கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம், என் கையால். "கெடு தாண்டிருச்சுங்களே" என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பர் 24

பதில் இல்லை. குட்டையில் மண் கொட்டி மட்டம் தட்டிவிட்டார்கள். இத்தனை மழைக்கும் கிணற்றில் ஊற்று இல்லை.

இரண்டாவது மனுவில் நான்கு வரி எழுதியிருக்கிறேன். பழனியம்மாள் குடத்தோடு ரோட்டுக் குழாய்க்குப் போயிருக்கிறாள். போய் ஒரு மணி நேரமாயிற்று.