மெழுகுவத்திக்கு ஒரு மறைப்பு

திண்டிவனம்
3.11.2009

அன்புள்ள ஜெர்லின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பன்றிக் காய்ச்சலிலிருந்து தொகுதி மீண்டுவிட்டது, ஓர் உயிரும் போகவில்லை என்று நீங்கள் சொல்ல, நான் எழுதிய நோட்டீஸ் எல்லா ஊருக்கும் போயிருக்கிறது. நேற்று கல்லறைத் திருநாள். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் என் அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றப் போனேன். ஒரே காற்று. பக்கத்துக் கல்லறை புதிது. தேர்தலில் உங்கள் ஜீப்பை ஓட்டிய வளனுடையது. அவன் மனைவி லூர்துசெல்வி அந்த நோட்டீஸைச் சுருட்டி, மெழுகுவத்தியைச் சுற்றி மறைப்பாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல கெட்டிப் பேப்பரு டீச்சர். அணையாம எரியுது.”

நான் என் மெழுகுவத்தியை ஏற்றக் குனிந்தேன்.

“எல்லாரும் பொழைச்சிக்கினாங்கன்னு போட்டிருக்கீங்க. அப்ப இவரு எதுல போனாருன்னு எம்எல்ஏ சாரைக் கேட்டுச் சொல்லுங்க. புள்ளைங்க கேக்குதுங்க.”

பரிசோதனை முடிவு வருமுன் இறந்ததால் அவன் பட்டியலில் இல்லை என்று அன்று சொன்னீர்கள். நானும் தெரிந்தேதான் எழுதினேன்.

புதிய நோட்டீஸ் இத்துடன் இருக்கிறது. முதல் வரியில் வளன் பெயர். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கையெழுத்து வராவிட்டால், என் பெயரில் அச்சுக்குப் போகும்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
இதுவரை உங்களுக்கு எழுதிக் கொடுத்தவள்